சாட்சிமுள்ளி

நாலாவது தெருவில் எல்லா வீட்டு வாசலும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது, சங்கரவடிவின் வாசலைத் தவிர.

காலையில் கதவைத் திறந்ததும் அவள் முதலில் பார்ப்பது செடியைத்தான். இடுப்பு உயரம் இருக்கும். இலையின் ஓரமெல்லாம் முள். இலை தண்டோடு சேரும் இடத்தில் இன்னும் நீளமான முள். இலைகள் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று நின்றன. வேறொரு காலத்தில் வேறொரு ஊரில் ஒரு பெண் தன் வாசல் செடி இப்படிச் செழித்து நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பாள். வடிவு ஒரு மொக்காவது இருக்கிறதா என்று இலை இலையாக விலக்கிப் பார்த்தாள்.

"என்ன வடிவு, இன்னும் ஒண்ணையும் காணும்?"

எதிர்வீட்டு ஜெயக்கொடி. தெருவின் பொறுப்பு அவளுடையது. தண்ணீர் திறக்கும் சாவி அவள் இடுப்பில் தொங்கும். குடியிருப்பு அலுவலகத்துக்குப் பதில் சொல்கிற வாயும் அவளுடையதுதான்.

"மொக்கு வைக்கிற மாதிரி இருக்கு மதினி."

"எங்க, காட்டு." ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். "ஏட்டி, இது முள்ளு. முள்ளுக்கும் மொக்குக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தன வருசம் குடித்தனம் பண்ணுத?"

ஜெயக்கொடி நிமிர்ந்து தெருவைக் கைகாட்டினாள்.

"பாதித் தண்ணில தெரு கிடக்கு. எம் மருமக தல குளிச்சு ஒரு மாசம் ஆச்சு. இங்கேருந்து வாடை அடிக்கு. அடுத்த பார்வைக்கு ஆய்வு நிலையத்து மேடம் வரும்போது இது பூக்கலன்னா கடப்பாரையோடதான் வருவாக. தெரியும்லா?"

"தெரியும் மதினி."

"தெரிஞ்சா சரி." போகிற போக்கில் ஜெயக்கொடி திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்தது வடிவின் முகத்தையல்ல, செடியின் அடி மண்ணை.

அந்தக் குடியிருப்பில் மண் என்று இருந்தது அது மட்டும்தான். வீடும் வாசலும் தெருவும் சிமெண்ட். ஒவ்வொரு வாசலிலும் நாலடிக்கு நாலடி ஒரு சதுரத்தை மட்டும் சிமெண்ட் போடாமல் விட்டிருந்தார்கள். அதன் ஓரத்தில் செடி.

செடியைக் கொண்டுவந்து நட்ட நாள் வடிவுக்கு நன்றாக நினைவிருந்தது. அப்போது அவள் கல்யாணமாகி வந்த புதுசு. ஆய்வு நிலையத்திலிருந்து நறுமுகை என்ற பெண் வந்திருந்தாள். கல்லூரியை முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். பேச்சில் மரியாதையும் முகத்தில் உற்சாகமும் இருந்தன.

"இது உங்க ஊர் வேலி ஓரத்துல நின்ன செம்முள்ளிதாங்க. ஆய்வகத்துல கொஞ்சம் மாத்தியிருக்கோம். வேர்ல ஈரம் பட்டா பூக்காது. பூத்திருந்தாலும் ரெண்டு நாள்ல எல்லாம் உதிர்ந்துடும். நல்லாக் காய்ஞ்சு தாகம் எடுத்தாத்தான் பூக்கும்."

"எங்க மாமியாரும் அப்படித்தான் மேடம்" என்றாள் ஜெயக்கொடி. "நாங்க பட்டினி கிடந்தாத்தான் அவுக மூஞ்சில சிரிப்பு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நறுமுகையும் சிரித்தாள்.

"பூ எதுக்கு மேடம்? கட்டி விக்கவா?"

"இல்லம்மா. நீங்க குளிச்ச தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் குழாய் வழியா எங்ககிட்ட திரும்பி வருது. சுத்தம் பண்ணி உங்களுக்கே தர்றோம். மண்ணுக்குள்ள போற தண்ணி மட்டும்தான் திரும்பி வராது. யாரு மண்ணுல ஊத்துறாங்கன்னு கண்டுபிடிக்க வீட்டுக்கு வீடு ஆள் போட்டோம். உங்களுக்கும் பிடிக்கல, எங்களுக்கும் பிடிக்கல."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். குளியலறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆள் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த வருடங்களை யாரும் மறக்கவில்லை.

"இனிமே செடி பாத்துக்கும். ஒரு வீடு பூக்கலேன்னா அது சரியாகுற வரைக்கும் தெருவுக்கே பாதித் தண்ணி. அடுத்த தடவையும் பூக்கலேன்னா மண்ணைத் தோண்டிப் பாப்போம், திருட்டுக் குழாய் ஓடுதான்னு. ஊத்தினது இன்னார்னு தெரிஞ்சா அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு மாசம் குழாயை அடைப்போம். அவ்வளவுதான்."

"செடின்னா தேவலை" என்றாள் ஜெயக்கொடி. "பொம்பள குளிக்கையில எட்டிப் பாக்காது."

அன்றே அதற்குச் சாட்சிமுள்ளி என்று பெயர் விழுந்துவிட்டது.

வாசல் தெளிப்பது நின்றது. கோலப்பொடி காய்ந்த சிமெண்டில் ஒட்டாமல் காற்றோடு போனது. வெளியே போய்வந்தவர்கள் கால் கழுவ வீட்டுக்குள் தொட்டி வைத்தார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் அந்தச் செடியிடம் ஒரு சந்தோஷம் கிடைத்தது. தானாக உதிரும் பூ நீளமான மஞ்சள் குழலாக விழும். அதன் அடியைத் தாங்கியிருந்த பச்சை முள்கிண்ணம் செடியிலேயே நின்றுவிடும். குழலின் அடியைக் கிள்ளி வாயில் வைத்தால் ஒரு சொட்டுத் தேன் வரும். மழை ஒரே ஒரு தடவை பெய்தது. எல்லா வீட்டுச் செடியும் மொத்தமாகப் பூவை உதிர்த்துவிட்டு நின்றன. அன்றைக்கு மட்டும் சாட்சிக்கு லீவு என்று சொல்லித் தெரு முழுக்க நனைந்தது.

போன பங்குனியில் லிங்கத்தின் வீட்டுச் செடி பூக்காமல் போனது.

லிங்கமும் அவன் மனைவி சீனியம்மாளும் அவனுடைய வயசான அப்பாவும் தெருக்கோடியில் இருந்தார்கள். "ஒரு சொட்டு ஊத்தல தாயி, என் தாலி மேல சத்தியம்" என்று சீனியம்மாள் வீடு வீடாகப் போய் அழுதாள். யார் நம்புவது? பாதித் தண்ணீரில் தெரு காய்ந்தது. மண்ணைத் தோண்டியும் குழாய் கிடைக்கவில்லை. அதனால் கையால் ஊற்றியிருக்கிறார்கள் என்று தெரு முடிவுகட்டியது. சித்திரை வெயிலில் வடிவின் எட்டு மாதப் பிள்ளைக்கு வாந்திபேதி கண்டது. உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் மருத்துவர். கரைப்பதற்கு வடிவு ஒவ்வொரு வீடாகக் கேட்டாள். கொடுத்தார்கள், இருந்ததில் கொஞ்சம். அது போதவில்லை.

பிள்ளை போன மறுநாள் வடிவு லிங்கத்தின் வாசலில் போய் நின்று மண்ணை வாரி இறைத்தாள். "எம் பிள்ளைக்குப் போக வேண்டிய தண்ணியச் செடிக்கு ஊத்துனீகளே, நீங்க விளங்குவீகளா?" என்று கத்தினாள். அவள் கத்தியது தெருவுக்கு உத்தரவு மாதிரி ஆனது. அன்றைக்குச் சாயந்திரமே அந்த வீட்டுச் சாமான்களைத் தெருவில் எடுத்துவைத்தார்கள். லிங்கத்தின் அப்பாவால் நடக்க முடியவில்லை. குடியிருப்பு வாசலைத் தாண்டி, நிழலே இல்லாத ரோட்டில், விடிவதற்குள் அவர் செத்துப்போனார் என்று பிறகு சொன்னார்கள்.

காலி வீட்டு வாசலில் லிங்கம் போட்டிருந்த தகரப் பந்தலை ஆளுக்கொரு தகரமாகப் பிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுச் செடி பூத்தது. "பாத்தியா, திருடன் போன மறுநிமிசம் பூத்துருச்சு!" என்றாள் ஜெயக்கொடி. அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்?

வடிவின் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது வடிவுக்கும் அவள் கணவன் கனகவேலுக்கும் மட்டும் தெரியும்.

குடியிருப்பில் யார் செத்தாலும் வண்டி வரும். மின்தகன மேடைக்குக் கொண்டுபோகும். பல் முளைக்காத பிள்ளையைத் தீயில் போட கனகவேலுக்கு மனம் வரவில்லை. அவன் வம்சத்தில் யாரும் செய்ததில்லை. சொந்த ஊர் இடுகாட்டின் மேல் இப்போது சூரியத் தகடுகள் நின்றன. அந்தத் தகடுகளைத் தண்ணீரில்லாமல் துடைப்பதுதான் அவனுக்கு வேலை. சொந்தக்காரர் ஊரில் அடக்கம் பண்ணுவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, கதவையெல்லாம் சாத்தியிருந்த ஒரு மத்தியானம், வெயிலுக்கென்று வாசலில் படுதாவைக் கட்டி, அந்த நாலடிச் சதுரத்தில் குழி தோண்டினான். மண்ணைத் தொடக் கூடாது என்பது சட்டம். ஆனால் மண் அங்கே மட்டும்தான் இருந்தது. பாதி ஆழத்தில் செடியின் வேர் குறுக்கே வந்தது. பெருவிரல் தடிமன். கடப்பாரை பட்டு அது அறுந்தபோது பச்சை வாடை அடித்தது. இன்னொன்று வந்தது, அதையும் வெட்டினான்.

மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும். பாலுக்கு எங்கே போவது? வடிவு தன் குடிதண்ணீரில் ஒரு டம்ளர் ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். பிறகு தினமும் பொழுது சாயும் நேரத்தில், காய்ந்த இலை பொறுக்குவதுபோல உட்கார்ந்து, முந்தானைக்குள்ளிருந்து டம்ளரைச் சாய்ப்பாள். மண் உடனே குடித்துவிடும். அந்த அவசரத்தைப் பார்த்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். தன் உதடு வெடித்துக் கிடப்பது உறைக்காது.

பிறகுதான் மற்ற வீடுகள் பூத்தன. அவள் வீடு பூக்கவில்லை.

ஜெயக்கொடி வந்துபோன அன்று சாயந்திரம் கனகவேல் அவள் கையிலிருந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் வடிவு. இன்னியோட விட்டுரு."

"தண்ணி கேட்டுக்கிட்டேல்லா போனான்."

"அவனுக்குப் பேச்சே வரல. எங்க கேட்டான்?"

"நாக்க நீட்டி நீட்டிக் கேட்டானே. நீங்க பாக்கலையா?"

கனகவேல் பார்த்திருந்தான்.

"கடப்பாரையோட வருவாக. எந்த எடத்துல மொதல் குத்து விழும்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு டம்ளர் தண்ணிக்காக அவன வெளிய எடுத்துப் போட விடப் போறியா? எடுத்து வண்டியில ஏத்துவாக. சட்டம்பாக."

வடிவு டம்ளரை விட்டாள். அவன் அதை அவளிடமே நீட்டினான். "நீ குடி. உம் மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் வாயில் ஊற்றிக்கொண்டாள்.

அதன் பிறகு பொழுது சாயும் நேரங்களில் வடிவு வீட்டுக்குள்ளேயே இருந்தாள். கதவைச் சாத்தி அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்காருவாள். வெளியே அவன் நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். செடி மெல்லச் சுருங்கியது. இலைகளின் பளபளப்பு போய், ஓரம் பழுத்து, முட்கள் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தன. வடிவு அதை வெறுத்தாள். அது வாட வாட, நல்லா வாடு, நல்லா வாடு என்று மனதுக்குள் சொன்னாள். சொன்ன மறுகணம், யாரைச் சொல்கிறோம் என்று நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்த ஒரு காலையில் முதல் மொக்கு தெரிந்தது. முள்ளல்ல, மொக்குதான். பிறகு நிறுத்தவே முடியவில்லை. கணுவுக்குக் கணு, முள் இருந்த இடத்திலெல்லாம், ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு பூத்தது. இலையே தெரியவில்லை. தெருவில் எந்த வீட்டிலும், எந்த வருடத்திலும் அப்படிப் பூத்ததில்லை. அலுவலகத்துக்குப் படம் போனதும் தெருவுக்கு முழுத் தண்ணீர் வந்தது.

"கண்ணு பட்டுரும் போ!" ஜெயக்கொடி வடிவின் முகத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். "எம் மருமக இன்னிக்குத் தல குளிச்சுட்டா. ஏட்டி, அன்னிக்குக் கோவத்துல ரெண்டு வார்த்த சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காத."

வடிவு சிரித்து வைத்தாள்.

நறுமுகை பார்வைக்கு வந்தாள். முதல் நாள் வந்தபோது இருந்த உற்சாகம் அவள் முகத்தில் எப்போதோ போய்விட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, வேறு வேலை தேடிக்கொண்டிருப்பவள்போல இருந்தாள். வடிவின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். செடியைச் சுற்றி நடந்தாள். ஒரு பூவை விரலால் தூக்கிப் பார்த்தாள். அவள் குரலே மாறியது.

"இவ்வளவு காஞ்ச மண்ணுல இவ்வளவு பூவா? இத்தனை குடியிருப்புக்குப் போறேன், இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்லம்மா. இதை நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கறதுன்னா?"

"நாற்றுப்பண்ணைக்குக் கொண்டுபோய் தாய்ச்செடியா வச்சுக்கறோம். இதுலேருந்துதான் இனிமே எல்லா ஊருக்கும் கன்று போகும். உங்களுக்கு வேற செடி தர்றேன், கவலைப்படாதீங்க." வண்டியிலிருந்த இரண்டு ஆட்களைக் கூப்பிட்டாள். ஒருவன் கையில் கடப்பாரை, மற்றவன் கையில் சாக்கு.

வடிவு குறுக்கே வந்து நின்றாள். "கொம்பு ஒடிச்சுத் தாரேன் மேடம். எத்தன வேணும்னாலும் ஒடிச்சுத் தாரேன்."

"கொம்பு வச்சு வச்சுத்தான் இந்த நிலைமைல இருக்கோம். எல்லாம் வீரியம் குறைஞ்சு போச்சு. எனக்கு வேர் வேணும். இந்த அடி மண்ணும் வேணும், இதுல என்ன இருக்குன்னு பாக்கணும். ஆழமாத்தான் எடுக்கணும்."

ஜெயக்கொடி கைதட்டினாள். "நம்ம தெருச் செடி ஊரெல்லாம் போகப் போகுது வடிவு! என்னமோ பேயறஞ்ச மாதிரி நிக்கியே!"

கனகவேல் வேலைக்குப் போயிருந்தான். கடப்பாரைக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடம் பார்த்தான். செடிக்கு அரையடி தள்ளி, சரியாக அந்த இடத்தில், கடப்பாரையின் நுனியை வைத்தான்.

வடிவு உள்ளே ஓடினாள். அன்றைக்கு வந்த முழுப் பங்கும் குடத்தில் இருந்தது. இடுப்பில் ஏற்றக்கூட இல்லை, வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, செடியின் அடியில் அப்படியே கவிழ்த்தாள்.

குடத்திலிருந்து தண்ணீர் மண்ணில் விழும் சத்தத்தை அந்தத் தெரு கேட்டுப் பல வருடமாகிவிட்டது. மண்வாசனை எழுந்தது. யாரோ ஒருவர் தன்னை அறியாமல் அதை ஆழமாக உள்ளே இழுத்தார். ஒரு சின்னப் பெண் சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். கடப்பாரைக்காரன் கால் நனைந்தபடி விலகி நின்றான்.

"என்னம்மா பண்ணிட்டீங்க?" நறுமுகைக்கு அழுகை வரும்போல இருந்தது.

"தாகமா இருந்துச்சு மேடம்."

"யாருக்கு?"

"செடிக்கு" என்றாள்.

நறுமுகை குனிந்து நனைந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "ஈரம் பட்டா போச்சு. மேல கொண்டுபோய் நான் என்னன்னு சொல்லுவேன்? உங்க வீட்டுக் குழாயை இன்னிக்கே அடைக்கச் சொல்லணும். ரெண்டு நாள்ல எல்லாம் உதிர்ந்துடும், வந்து படம் எடுத்துட்டுப் போறேன். உதிர்ந்த படம் இருந்தாத்தான் ஆபீஸ்ல ஏத்துப்பாங்க."

"தோண்டிப் பாக்கணுமா மேடம்?" என்றான் கடப்பாரைக்காரன்.

"எதுக்கு? கண்ணு முன்னாடி ஊத்தியாச்சே."

வடிவின் காதில் அது மட்டும்தான் விழுந்தது. ஜெயக்கொடி காறித் துப்பப் போனவள், எச்சிலை வீணாக்காமல் விழுங்கிவிட்டு, "பைத்தியம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குச் சாயந்திரம் வடிவு கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். மண் இன்னும் கருப்பாக இருந்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்குவதாக நினைத்துக்கொண்டாள். கனகவேல் வந்து நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். பிறகு, "ரொம்ப ஊத்துனியோ?" என்றான். "முழுக் குடம்" என்றாள்.

மறுநாள் ஒரு பூவும் உதிரவில்லை.

அதற்கு மறுநாளும் உதிரவில்லை. இலைகள் நிமிர்ந்தன. புதிதாக மொக்குகள் விரிந்தன. தெருவில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல நடந்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம், வெயிலுக்குப் பயந்து எல்லோரும் உள்ளே அடைந்திருந்த நேரத்தில், ஜெயக்கொடி வந்தாள். கூட அவள் மருமகளும் பக்கத்து வீட்டுக்காரியும்.

"உதிரலையே" என்றாள் ஜெயக்கொடி. குரல் தாழ்ந்திருந்தது.

"உதிரல மதினி."

"இன்னிக்குச் சாயந்திரம் வருவாக."

"வரட்டும்."

"மறுபடி மறுபடி ஊத்துனியா? உரம் எதுவும் வச்சியா?"

"குழாயத்தான் அடச்சுட்டாகளே. இவுக வேல எடத்துலேருந்து கொண்டார தண்ணி குடிக்கவே பத்தல, எங்கேருந்து ஊத்த?" வடிவு செடியைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினாள். மூன்று நாளாக அவள் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்தது. "மதினி, இதுக்கு ஈரம் தெரியல. எப்போதிருந்து தெரியலன்னு எனக்குத் தெரியல. ரொம்ப நாளாவே தெரியலன்னு நினைக்கேன். கொம்பு வச்சு வச்சு வீரியம் போச்சுன்னு அந்த மேடமே சொல்லிச்சு."

"மழைல உதிர்ந்துச்சே, எல்லாரும் பாத்தோமே?"

"அந்த அடி அடிச்சா எந்தப் பூ மதினி நிக்கும்?"

"அப்ப உன் செடி ஏன் முன்னால பூக்கல?"

வேர் அறுந்தபோது வந்த பச்சை வாடை வடிவின் மூக்கில் ஏறியது. பெருவிரல் தடிமனில் இரண்டு வேர். அவள் ஊற்றிய தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெட்டுப்பட்ட செடி தன்னைத் தேற்றிக்கொள்ள இத்தனை மாதம் எடுத்திருக்கிறது. அவள் தினமும் ஊற்றியிருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த அத்தனை சாயந்திரமும் ஊற்றியிருக்கலாம்.

"வேருல அடிபட்டிருந்துச்சு" என்றாள்.

"எப்படி அடிபட்டுச்சு?"

வடிவின் கண் செடியின் அடி மண்ணுக்குப் போனது. ஜெயக்கொடி மண்ணைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், பிறகு வடிவின் முகத்தை. அவளும் மூன்று பிள்ளை பெற்றவள். கேட்டதைத் திரும்பக் கேட்கவில்லை.

"சீனியம்மா வீட்டுல தகரப் பந்தல் போட்டிருந்தாக" என்றாள் வடிவு. "மாமனாரு படுக்கதுக்கு நிழலுன்னு. செடி மேல வெயிலே விழல மதினி. பந்தலப் பிரிச்சோம், பூத்துருச்சு. அவுக தண்ணி ஊத்தவே இல்ல. நான்தான் போய் மண்ண வாரி…"

"வாய மூடு."

"அந்தத் தாத்தா ரோட்டுல…"

"வாய மூடுன்னேன்!" ஜெயக்கொடியின் கழுத்து நரம்பு புடைத்தது. "ரோட்டுல கிடந்தது எனக்குத் தெரியாதா? அந்தத் தகரத்துல ரெண்டு எங்க வீட்டுலதான் கிடக்கு. நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "செடி பொய்யின்னு வெளிய தெரிஞ்சா என்ன நடக்கும்? மறுபடியும் வீட்டுக்குள்ள ஆள் நிப்பான். எம் மருமக குளிக்கையில கதவுல காத வச்சுக்கிட்டு நிப்பான். அது வேணுமா உனக்கு? செத்தவுக செத்துட்டாக. உனக்கு ஒரு மாசம் தண்ணி கிடையாது. ஆளுக்கு ஒரு சொம்பு நாங்க தாரோம், நான் பொறுப்பு. இந்தப் பூவ மட்டும் விடு."

மருமகள் ஏற்கெனவே குனிந்துவிட்டிருந்தாள்.

மூன்று பேரும் பறித்தார்கள். அது சுலபமான வேலையாக இல்லை. ஒவ்வொரு பூவைச் சுற்றியும் முள். பக்கத்து வீட்டுக்காரி முதல் பூவிலேயே "ஸ்" என்று விரலை உதறினாள். ஜெயக்கொடி உதறவில்லை. பூவைக் கிண்ணத்தோடு சேர்த்துப் பிய்த்து, கீழே போட்டு, அடுத்ததைப் பிய்த்தாள். அவள் கண்ணிலிருந்து வடிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள். வடிவு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். தடுக்க வேண்டும் என்று எழுந்தாள். தடுத்தால் யாரிடம் போய் எதைச் சொல்வது? சீனியம்மாள் எங்கே இருக்கிறாள் என்றுகூட யாருக்கும் தெரியாது. நிற்கிற இடத்திலேயே நின்றாள். பிறகு அவளும் போய் ஒரு பூவைப் பிய்த்தாள்.

மண் முழுக்க மஞ்சளாகிவிட்டது. அந்தச் சதுரத்தின் நடுவில்தான் நிறைய விழுந்திருந்தது.

வெயில் தாழ்ந்ததும் நறுமுகை வந்தாள். தெரு முழுவதும் வாசலில் நின்றது. அவள் மொட்டைச் செடியைப் படம் எடுத்தாள், தரையைப் படம் எடுத்தாள். குனிந்து ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். அதன் அடியில் பச்சை முள்கிண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதிலும் இருந்தது. நிமிர்ந்து ஜெயக்கொடியின் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் ரத்தப் புள்ளிகள். ஜெயக்கொடி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"சொன்னேன்ல, ரெண்டு நாள்ல உதிரும்னு" என்றாள் நறுமுகை, தெருவுக்குக் கேட்கும்படி. "செடி பொய் சொல்லாது."

அவள் போகத் திரும்பியவள், வடிவின் பக்கத்தில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்தாள்.

"தானா உதிர்ந்தா கிண்ணம் செடியிலயே நின்னுடும்மா" என்றாள் மெல்லிய குரலில். "குழலை மட்டும் உருவணும். மத்த ஊர்ல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க. அடுத்த தடவை ஞாபகம் வச்சுக்கங்க."

வண்டி போனது. வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. பொழுது சாய்ந்தது. அது வடிவு டம்ளரோடு உட்காரும் நேரம். இனிமேல் தினமும் ஊற்றலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. உள்ளே போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள். ஜெயக்கொடி சொன்ன சொம்புத் தண்ணீர் இன்னும் வரவில்லை.

திரும்பி வந்து செடியின் அடியில் உட்கார்ந்தாள். ஒரு பூவை எடுத்து, கிண்ணத்தை அகற்றி, குழலின் அடியைக் கிள்ளி, மண்ணின்மேல் கவிழ்த்துப் பிடித்தாள். ஒரு சொட்டு தொங்கி நின்று விழுந்தது. அடுத்த பூவை எடுத்தாள்.